இயற்கை வளப் பாதுகாப்பு: முதல் பட்டமாவே எடுக்கலாமா?

சாரல்:
கல்லூரியில இயற்கை வளப் பாதுகாப்பு எடுக்கலாம்னு இருக்கேன். வீட்டுல "காடு சுத்துறதுக்கு ஒரு டிகிரியா?"ன்னு கேக்குறாங்க. தெரிஞ்சவங்க உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.

கணக்கன்:
வேண்டாம்னுதான் சொல்வேன். கொஞ்சம் மண், கொஞ்சம் நீர், கொஞ்சம் சட்டம், கொஞ்சம் பொருளாதாரம்னு நுனிப்புல் மேயுற படிப்பு. நீரியலோ புள்ளியியலோ ஒண்ணை உருப்படியா படிச்சுட்டு, முதுகலையில இந்தப் பக்கம் வாங்க. எங்க குழுவுக்கு ஆள் எடுத்தப்போ இந்தப் பட்டதாரி ஒருத்தர் வந்தார். ஒரு காட்டுல மரம் எண்ண எத்தனை மாதிரித் துண்டு (முழுக் காட்டுக்குப் பதிலா எண்ணிப் பார்க்குற சின்ன நிலப்பகுதி) போடணும்னு எப்படி முடிவு பண்ணுவீங்கன்னு கேட்டேன். பதில் வரல. ஆர்வம் மட்டும் வண்டி வண்டியா இருந்துச்சு.

மண்புழு:
ஒருத்தரை வச்சு ஒரு துறையையே எடை போடுறீங்களே கணக்கன் சார்! நான் படிச்சது இதைத்தான். முதல் வாரமே ஈர மண்ணை உருட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிதுக்கி நாடாவா தள்ளச் சொன்னாங்க. 2.5 சென்டிமீட்டருக்குள்ள அறுந்தா களி கம்மி. 5 சென்டிமீட்டர் தாண்டியும் தொங்குனா நல்ல களிமண். அதே மண்ணுல தண்ணி எவ்வளவு இறங்கும்னு ஒரு வகுப்புல கேப்பாங்க, மழைக்கு எவ்வளவு அரிக்கும்னு இன்னொண்ணுல, அந்தச் சரிவுல மரம் வெட்ட விடலாமான்னு வேறொண்ணுல. மண் ஒண்ணுதான். இதை நுனிப்புல்னு சொன்னா எப்படி?

ஆழமா படிச்சவங்க சறுக்கினதும் உண்டு. கனடாவுல நியூஃபவுண்ட்லாந்து கடல்ல பிடிச்ச காட் மீனைப் பாருங்க. மீன் குறையுதுன்னு கரையோர மீனவங்க 1980களிலேயே கத்துனாங்க. கணக்கு போட்டவங்க காதுல ஏறல. 1992ல மீன்பிடிப்புக்கே தடை போட்டாங்க, சுமார் 30,000 பேருக்கு வேலை போச்சு. மீனவர்கிட்ட பேசுறதும் ஒரு பாடம்தான் சார்.

ஒற்றைப்பனை:
நடுவுல ஒண்ணு. புலி, யானைன்னு கனவோட வர்றவங்க முதல்ல பேரைப் புரிஞ்சுக்கணும். அமெரிக்காவுல 'கன்சர்வேஷன்' (வளப் பாதுகாப்பு)ங்கிற சொல்லைப் பரப்புன கிஃபோர்ட் பின்ஷோ, காட்டை அளவோட பயன்படுத்தணும்னு சொன்ன வனவியலாளர். தொடவே கூடாதுன்னு நின்ன ஜான் மியூருக்கும் அவருக்கும் கலிஃபோர்னியாவுல ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்குல அணை கட்டுற விஷயத்துல முட்டிக்கிச்சு. 1913ல அணைக்கு அனுமதி கிடைச்சது. இந்தப் படிப்புல எத்தனை மரம் வெட்டலாம்ங்கிறதும் பாடம். மனசு தாங்குமான்னு பார்த்துக்கோங்க.

கணக்கன்:
காட் மீனை நீங்களே எடுத்ததுக்கு நன்றி மண்புழு, அது என் கட்சிக்கான சாட்சி. மீன் குறையக் குறைய மிச்சம் இருந்தது ஒரே இடத்துல கூட்டமா சேர்ந்துச்சு. இழுவைப் படகுகள் அங்கேயே போய் வலை போட்டுச்சு. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு பிடிபட்டுச்சுங்கிற எண் இறங்கவே இல்ல. அதை நம்பி, கடல்ல மீன் நிறைய இருக்குன்னு மதிப்பிட்டாங்க. மாதிரி எடுக்குறதுல வந்த கோளாறு இது. புள்ளியியல் இன்னும் ஆழமா தெரிஞ்சிருக்கணும்.

மண்புழு:
படகு எங்க போகும், ஏன் போகும்னு எந்தப் புள்ளியியல் புத்தகத்துல இருக்கு? அது மீனவருக்குத் தெரியும், அவர்கிட்ட போய்க் கேட்டவங்களுக்குத் தெரியும்.

கணக்கன்:
சரி, அது நியாயம். ஆனா கேட்டு வந்த பிறகு அதைக் கணக்குல ஏத்த ஒருத்தர் வேணும்ல? அந்த ஆளைத்தான் இந்தப் படிப்பு உருவாக்குறதில்லங்கிறேன்.

மண்புழு:
எல்லா இடத்துலயும் இல்லன்னு சொல்லாதீங்க. கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். சாரல், பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்க. ஜிஐஎஸ் (கணினியில வரைபடத் தரவை அலசுற முறை) செய்முறையா இருக்கா, களப்பணி எத்தனை வாரம், புள்ளியியல் எத்தனை தாள்?

சாரல்:
பார்த்துட்டேன் அக்கா. களப்பணி ஆறு வாரம். ஜிஐஎஸ் ரெண்டு பருவம். புள்ளியியல் ஒரே ஒரு தாள், அதுவும் விருப்பப்பாடம்.

கணக்கன்:
விருப்பப்பாடமா! நான் வேற ஒண்ணும் சொல்லல.

மண்புழு:
அதை எடுத்துடு சாரல். இந்த ஒண்ணுல மட்டும் அவர் சொல்றதைக் கேளு.