முதல் பிறந்தநாளுக்கு பலூன் அலங்காரம்: பயப்படுவது சரியா?

பெருமாள்புரத்து அம்மா எழுதியது:

வணக்கம். அடுத்த மாதம் மகளுக்கு முதல் பிறந்தநாள். பாளையங்கோட்டையில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஹால் பேசியிருக்கிறோம். எங்கள் அண்ணனும் மயினியும் ஆசையாக பலூன் அலங்காரத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். வாசலில் ஒரு வளைவு, கேக் வெட்டுகிற மேஜைக்குப் பின்னால் சுவர் முழுக்க பலூன். அப்புறம் தரையிலும் ஐம்பது நூறு பலூனைக் கொட்டிவிட்டால் பிள்ளைகள் உதைத்து விளையாடும் என்கிறார்கள். வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஆறு வயதுக்குக் கீழேதான். என் மகள் தவழ்ந்து போய், கையில் கிடைத்ததை எல்லாம் நேரே வாய்க்குக் கொண்டுபோகிற பருவம்.

பலூன் துண்டு தொண்டையில் மாட்டினால் எடுப்பது ரொம்பக் கஷ்டம் என்று தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு அம்மா சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. வீட்டில் சொன்னால் அத்தை, "ஆனித் திருவிழாவுக்குப் போயிட்டு பலூன் வாங்காம வந்த பிள்ளை உண்டா? நீங்கல்லாம் அப்படி வளந்தவங்கதானே" என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

உண்மையிலேயே ஆபத்தா? எந்த வயது வரை? முழுக்க வேண்டாம் என்று சொல்லாமல் ஏதாவது மாற்றிக்கொள்ள முடியுமா? அப்படி ஏதாவது நடந்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஹைகிரவுண்டு சிஸ்டர் எழுதியது:

உங்கள் பயம் சரியான பயம், அம்மா. குழந்தைகள் வார்டிலும் அவசரப் பிரிவிலுமாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தொண்டையில் ஏதாவது மாட்டி வருகிற பிள்ளைகள் நம் பக்கத்தில் குறைச்சல் இல்லை. நிலக்கடலை, புளியமுத்து, சீத்தாப்பழ விதை, பேனா மூடி, கம்மல் திருகாணி. இவை பெரும்பாலும் மூச்சுக்குழாயின் ஒரு பக்கத்துக் கிளைக்குள் போய் உட்காரும். மறுபக்கத்து நுரையீரல் வேலை செய்யும். பிள்ளை இருமிக்கொண்டே வரும், டாக்டர் குழாய் விட்டு எடுத்துவிடுவார். அதற்கு நேரம் கிடைக்கும். பலூன் அந்த நேரத்தைக் கொடுக்காது.

ஏன் என்று தெரிய வேண்டுமென்றால் உடைந்த பலூன் துண்டு ஒன்றை நனைத்துப் புறங்கையில் ஒட்டிப் பாருங்கள். கொதித்த பாலின் ஆடை உதட்டில் ஒட்டுவது மாதிரி அப்படியே பற்றிக்கொள்ளும். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால்தான் வரும். கெட்டியான பொருளாக இருந்தால் ஓரத்தில் கொஞ்சம் சந்து இருக்கும், இருமும்போது கீழிருந்து வருகிற காற்று அதை வெளியே தள்ளும். பலூன் ரப்பர் தொண்டையின் வடிவத்துக்கே வளைந்து மூடிவிடும். கீழிருந்து காற்று வந்தால் நகராமல் உப்பும், மூச்சை இழுத்தால் இன்னும் உள்ளே போகும். பிள்ளையிடமிருந்து சத்தம்கூட வராது. பக்கத்து அறையில் இருக்கிற தாய்க்கு எதுவும் கேட்காது. எனக்கு இதில் அதிகமாக மனசு பதறுவதே அதற்குத்தான்.

அமெரிக்காவில் இதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அந்நாட்டு மருத்துவச் சங்கத்தின் இதழில் 1995-ல் வந்த ஆய்வு அது. உணவு அல்லாத பொருட்கள் தொண்டையில் அடைத்து இறந்ததாக அங்கே பதிவான 449 குழந்தைகளில் 131 பேருக்குக் காரணம் பலூன். நூற்றுக்கு 29. இதில் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மூன்று வயது தாண்டிய பிள்ளைகளிடம்தான் பலூன் மாதிரி வளைந்து கொடுக்கிற பொருட்களின் பங்கு இன்னும் கூடுதல். கைக்குழந்தைக்கு மட்டும்தான் ஆபத்து என்று நினைக்கக் கூடாது. பெரிய பிள்ளைக்கு ஊதத் தெரியும், ஆனால் ஊதும்போது சிரிப்பு வந்தாலோ, யாராவது கூப்பிட்டாலோ, வாயிலிருக்கும் பலூனோடு மூச்சை உள்ளே இழுத்துவிடும். அங்கே 1994-ல் வந்த சட்டப்படி பலூன் பாக்கெட்டில், எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ஊதாத பலூனாலும் உடைந்த பலூனாலும் மூச்சடைக்கும் என்று எச்சரிக்கை அச்சடித்தே ஆக வேண்டும். எந்த வயது வரை என்று கேட்டீர்களே, எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை சொல்வது பொய் இல்லை. திருவிழாவில் பலூன் வாங்கிய பிள்ளைகளில் அநேகம் பேர் நல்லபடியாகத்தான் வீடு திரும்பினார்கள். திரும்பாத பிள்ளையை நாங்கள் பார்த்தோம். ஊதல் பலூன் தெரியுமல்லவா, ஒரு சின்னக் குழாயின் நுனியில் பலூன் மாட்டி, ஊதிவிட்டால் பீ... என்று சத்தம் வருமே, அது. குழாயிலிருந்து பலூன் கழன்று உள்ளே போய்விட்டது. தேர்க் கூட்டத்தை விலக்கி ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். அந்தப் பையனின் கையில் குழாய் அப்படியே இருந்தது. எங்களால் முடிந்ததை எல்லாம் செய்தோம்.

இன்னொரு வழக்கமும் நம் பிள்ளைகளிடம் உண்டு. பலூன் உடைந்ததும் துண்டைப் பொறுக்கி வாயில் வைத்து உள்பக்கமாக உறிஞ்சிக் குமிழி ஆக்கி, முறுக்கி எடுத்து, அடுத்தவன் நெற்றியில் அடித்து உடைப்பார்கள். நாம் எல்லோரும் செய்ததுதான். உறிஞ்சுகிற அந்த நேரத்தில் துண்டு வழுக்கினால் போகிற இடம் மூச்சுக்குழாய்தான். வருகிற பெரிய பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு இதை மட்டும் சொல்லிவிடுங்கள், அவர்களுக்குப் புரியும்.

இனி முதலுதவி. பிள்ளை சத்தமாக இருமினால், அழுதால், காற்று போய் வருகிறது என்று அர்த்தம். அப்போது முதுகில் அடிக்காமல், தண்ணீர் கொடுக்காமல், இருமவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். சத்தம் இல்லாமல் வாயை மட்டும் திறந்து மூடினால், உதடு நீலம் பாய்ந்தால், அடைத்துவிட்டது. ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும், நீங்கள் பிள்ளையை எடுங்கள்.

ஒரு வயதுக்குக் கீழே என்றால் முன்கையில் குப்புறப் போட்டு, தாடையை விரல்களால் தாங்கி, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து அடி. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து அழுத்தம். பொருள் வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். இந்த வயதில் வயிற்றை அமுக்கக் கூடாது, ஈரலுக்குக் காயம் பட்டுவிடும். ஒரு வயது தாண்டிய பிள்ளையை முன்னால் குனியவைத்து முதுகில் ஐந்து அடி. பிறகு பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்கு மேலே விலாவுக்குக் கீழே முஷ்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக ஐந்து இழுப்பு. ஹைம்லிக் என்ற அமெரிக்க டாக்டர் 1974-ல் எழுதிய முறை இந்த இழுப்பு. உங்கள் மகள் சரியாக இந்த இரண்டு வயதுக்கும் நடுவில் நிற்கிறாள், அதனால் இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை மயங்கிவிட்டால் தரையில் படுக்கவைத்து உடனே சிபிஆர்: முப்பது முறை நெஞ்சு அழுத்தம், இரண்டு முறை வாயோடு ஊதல். நாலைந்து நிமிடம் மூளைக்குக் காற்று போகாவிட்டால் பாதிப்பு தொடங்கிவிடும், ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

புரையேறினால் உச்சந்தலையில் தட்டி "யாரோ நினைக்கிறாங்க" என்போம். இந்த அடைப்புக்கு அது உதவாது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, வாழைப்பழத்தை விழுங்கச் சொல்வது, எதுவும் வேண்டாம். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடலைக்கும் திருகாணிக்கும் உதவுகிற அளவுக்கு இந்த அடியும் அழுத்தமும் பலூனுக்கு உதவுவதில்லை. அதனால்தான் முன்கூட்டியே தடுக்கச் சொல்லி இவ்வளவு வற்புறுத்துகிறேன்.


வண்ணார்பேட்டை டெக்கரேட்டர் எழுதியது:

அக்கா, நான் பலூன் அலங்காரம் செய்கிறவன். சிஸ்டர் எழுதியதைப் படித்தேன். உங்கள் டெக்கரேட்டரிடம் என்னென்ன கேட்கலாம் என்று தொழில் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

தரையில் பலூன் கொட்டுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அதில் தொழில்காரருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, வேலை மிச்சம்தான். வளைவும் சுவரும் வேண்டுமென்றால் கீழே நாலடி உயரத்துக்குத் துணி மடிப்போ காகிதப் பூவோ வைத்து, அதற்கு மேலே பலூனைக் கட்டச் சொல்லுங்கள். தவழ்கிற பிள்ளைக்கும் எட்டாது, ஐந்து வயதுப் பையன் பிடுங்கிக்கொண்டு ஓடவும் முடியாது. பத்து இஞ்ச் பலூனை முழுசாகப் பத்து இஞ்சுக்கு ஊதினால் சீக்கிரம் உடையும். எட்டு, எட்டரை இஞ்சோடு நிறுத்தினால் ரப்பரில் இழுவை குறைவு. நம் ஊர் வெயிலுக்கு இது ரொம்ப முக்கியம். காலையில் கட்டி, ஹாலில் ஏசி போடாமல் மத்தியானம் வரை விட்டால் ஒன்றன் பின் ஒன்றாக வெடிக்கும், துண்டு மேஜைக்கு அடியில், பாய்க்கு அடியில் எல்லாம் போய்க் கிடக்கும். விசேஷம் முடிகிறவரை ஒரு ஆள் நின்று துண்டு பொறுக்க வேண்டும் என்று பேசும்போதே சொல்லிவிடுங்கள். நான் அனுப்புகிற பையனுக்கு இடுப்பில் ஒரு பை கட்டிவிட்டுத்தான் அனுப்புவேன், அவன் வேலையே அதுதான்.

முடிந்த பிறகுதான் பெரிய தொல்லை. வந்தவர்கள் பிள்ளைக்கு ஆளுக்கு நாலு பலூன் பிய்த்துக்கொண்டு போவார்கள். அது வீட்டில் காற்று இறங்கிச் சுருங்கிக் கட்டிலுக்கு அடியில் கிடக்கும், சின்னது எடுத்துக் கடிக்கும். அலங்காரத்தைக் கலைக்கும்போதே எல்லாவற்றையும் ஊசியால் குத்தி, துண்டோடு மூட்டை கட்டி எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஊதாத பலூன் பாக்கெட் ஹாலில் எங்கேயும் மிச்சம் இருக்கக் கூடாது.

எண், எழுத்து வடிவில் வரும் ஃபாயில் பலூன் இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை. அது ரப்பர் இல்லை, வெடித்துத் துண்டு துண்டாகச் சிதறாது. அதில் கட்டுகிற ரிப்பன் மட்டும் பிள்ளை கழுத்துப் பக்கம் வராமல் பாருங்கள். கேஸ் பலூன் யாராவது சொன்னால் என்ன கேஸ் என்று கேளுங்கள். ஹீலியம் தீப்பிடிக்காது, விலை கூடுதல். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன், கேக் மெழுகுவர்த்தி பக்கத்தில் போனால் குப்பென்று பிடிக்கும். ஸ்னோ ஸ்ப்ரேயும் அப்படித்தான், மெழுகுவர்த்தி எரியும்போது அடிக்க விடாதீர்கள்.


களக்காடு டீச்சர் எழுதியது:

எங்கள் பால்வாடியில் பலூன் கிடையாது. பனங்குருத்தோலையில் காத்தாடி, கிளி, மீன் எல்லாம் செய்து நூலில் கோத்து வாசலில் தொங்கவிடுவோம், அப்படி ஒரு அழகு. பனையோலை முடைகிற ஆட்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள், முன்கூட்டியே சொன்னால் ஹால் அளவுக்குச் செய்து தருவார்கள். அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும்.

ரிட்டர்ன் கிஃப்ட் பையிலும் ஒரு கண் வையுங்கள் அம்மா. துள்ளுகிற சின்ன ரப்பர் பந்து, கோலிக்குண்டு, பாசிமணி எல்லாம் போடுகிறார்கள். பந்து உருண்டையாகத் தொண்டைக்கு அளவாகப் போய் அடைக்கும். மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கிற பந்து நாலரை சென்டிமீட்டருக்குக் குறையாத குறுக்களவில் இருக்க வேண்டும். சாப்பாட்டில் திராட்சை வைத்தால் நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். மிக்சரில் கடலை இருந்தால் சின்னப் பிள்ளைகள் தட்டுக்கு வேண்டாம்.


பெருமாள்புரத்து அம்மா எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நனைத்த பலூன் துண்டை அத்தையின் புறங்கையில் ஒட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் அவர்களே மயினிக்குப் போன் போட்டுத் தரை பலூன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வாசலுக்கு ஓலைத் தோரணம், மேஜைக்குப் பின்னால் மட்டும் மேலே கொஞ்சம் பலூன் என்று முடிவாகியிருக்கிறது.

சிஸ்டரிடம் இன்னும் இரண்டு கேள்வி. எங்கள் மாமனார் பேத்தி சிரிப்பதற்காக அவள் முன்னாலேயே பலூனை வாயில் வைத்து ஊதிக் காட்டுகிறார், அது பரவாயில்லையா? பலூன் உள்ளே போய், வால் மட்டும் வெளியே தெரிந்தால் இழுக்கலாமா?


ஹைகிரவுண்டு சிஸ்டர் எழுதியது:

மாமனாரிடம் ஒரு கைப்பம்பு வாங்கிக் கொடுங்கள், வண்ணார்பேட்டைத் தம்பியிடமே கிடைக்கும். பெரியவர்கள் வாயில் வைப்பதைப் பார்த்தால் பிள்ளையும் வைக்கும். பம்பில் ஊதினாலும் பேத்தி சிரிக்கத்தான் செய்வாள்.

வால் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்து, பிடி கிடைக்கும் என்றால் மட்டும் இரண்டு விரலால் பக்கவாட்டில் பிடித்து இழுங்கள். தெரியாத பொருளுக்கு வாய்க்குள் விரல் விட்டுத் துழாவக் கூடாது, இருக்கிற கொஞ்சம் வழியையும் நாமே அடைத்துவிடுவோம். வெளியே வந்துவிட்டது என்று நிம்மதியாக வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம். வயிற்றை அமுக்கி எடுத்திருந்தாலும், பிறகு இருமலோ இழுப்போ தொடர்ந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பலூன் ரப்பர் எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் கிடைத்த துண்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். சேர்த்து வைத்துப் பார்த்தால் எந்தப் பகுதி குறைகிறது என்று டாக்டருக்குத் தெரியும்.