மறு: ‘கிம்மிக் மெட்டல்’ – ‘வேடிக்கை வன்னிசை’ எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வேடம், விலங்குக் குரல் போன்ற ஏதேனும் ஒரு வேடிக்கையை மையமாகக் கொண்ட ‘கிம்மிக் மெட்டல்’ என்னும் இசை வகைக்குத் தமிழ்ப் பெயர் என்ன என்று இங்கே கேட்கப்பட்டதற்கு என் மறுமொழி இது.

இன்னிசை, மெல்லிசை என்னும் வரிசையில் இயல்பாக வந்து அமர்வதால், அதிரும் மின்கித்தாரும் முரசும் கொண்ட மெட்டல் இசைக்கு ‘வன்னிசை’ என்பதை ஏற்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் அதன் மிக மூர்க்கமான பிரிவாகிய எக்ஸ்ட்ரீம் மெட்டலுக்கு முன்மொழியப்பட்ட ‘கடுவன்னிசை’யைப் படிக்கும்போது கண் ‘கடுவன்’ என்று நிறுத்தி ஆண் குரங்கை நினைத்துக்கொள்கிறது. (நாயும் கிளியும் பாடுகிற துறைக்கு அதுவும் தகும் என்பார் இருக்கலாம்.) ‘தீவிர வன்னிசை’ என்றே கொள்வோம்.

இனி கிம்மிக். ‘உத்தி’ என்றால் எல்லா இசைக்கும் உத்தி உண்டு. ‘தந்திரம்’ என்றால் கேட்பவரை ஏமாற்றுவதாகப் பொருள்படும். நண்பர் ஒருவர் பரிந்துரைத்த ‘எள்ளல்’ சற்று ஆழமாகப் பார்க்க வேண்டியது. எள்ளலுக்கு எள்ளப்படுபவர் ஒருவர் வேண்டும். 1984இல் அமெரிக்காவின் ரிச்மண்டில் தோன்றிய குவார் குழுவினர், ரப்பர் அரக்க வேடத்தில் மேடையேறி, அரசியல் தலைவர்களின் உருவப் பொம்மைகளைத் தலைதுண்டித்து, அவற்றிலிருந்து பீறிடும் போலி இரத்தத்தைக் கூட்டத்தின்மேல் பாய்ச்சுவார்கள்; கறை நன்றாகத் தெரியட்டும் என்றே இரசிகர்கள் வெள்ளைச் சட்டை அணிந்து வருவார்கள். அங்கே எள்ளல் உண்டு. ஆனால் பால்டிமோரின் ஹேட்பீக் குழுவில் பாடகர் ஓர் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. நியூயார்க்கின் கனைனஸ் குழுவில் பாடகர்களாக இருந்தவை இரண்டு பிட்புல் நாய்கள். இங்கே எள்ளப்படுபவர் யார்? கிளியின் கீச்சலுக்குக் கீழே கித்தாரும் முரசும் எந்த விளையாட்டும் இல்லாமல் முழு மூர்க்கத்தோடு ஒலிக்கின்றன. பிளாஸ்ட் பீட் எனப்படும் அந்த அதிவேக முரசடி ஓரிடத்தில் தளர்ந்தாலும் சிரிப்பு போய்விடும், வெறும் கோமாளித்தனமே எஞ்சும். ஆகவே நகை, வன்மையைக் கேலி செய்து பிறப்பதன்று. வன்மை குறையாமல் இருப்பதால் பிறப்பது.

தொல்காப்பியர் வெகுளிக்கு (சினத்துக்கு) உறுப்பறை (உறுப்புகளை வெட்டுதல்), குடிகோள் (குடியினர்க்குக் கேடு செய்தல்), அலை (வைதலும் அடித்தலும்), கொலை என நான்கு நிலைக்களன்களையும் (அது பிறக்கும் இடங்களையும்), நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை (அறியாமை), மடன் (சொன்னதை ஆராயாமல் நம்புதல்) என நான்கையும் சொல்கிறார். இக்குழுக்கள் உறுப்பறையையும் கொலையையும் எடுத்துக்கொண்டு பேதைமையின் வழியே நகைக்குக் கொண்டுபோகின்றன. எள்ளல் அந்நான்கில் ஒன்றுதான். வகை முழுவதற்கும் அதைப் பெயராக வைக்க இயலாது.

எனவே ‘வேடிக்கை வன்னிசை’ என்பதை முன்வைக்கிறேன். வேடிக்கை பார்க்கிறோம், வேடிக்கையாகப் பேசுகிறோம். காட்சி, நகை இரண்டையும் இச்சொல் முன்பே சுமக்கிறது. வேடம் பூண்ட குவாருக்கும், வேடமே இல்லாத கிளிக்கும் ஒருங்கே பொருந்துகிறது. இசையை அற்பமாக்கிவிடுமே என்ற அச்சத்துக்கு, பெயரின் தலைமைச் சொல் வன்னிசைதான், வேடிக்கை அதற்கு அடை மட்டுமே என்பது என் விடை.

எல்லையும் தெளிவாகிறது. 2006இல் யூரோவிஷன் போட்டியில் வென்ற பின்லாந்தின் லார்டி குழுவினர் அரக்க முகமூடி அணிந்தாலும், பாடியது மெட்டலை விட மென்மையான ஹார்ட் ராக். வேடிக்கை உண்டு, தீவிர வன்னிசை இல்லை. கேனிபல் கார்ப்ஸ் குழு அதற்கு நேர்மாறு: தீவிர வன்னிசை உண்டு, வேடிக்கை இல்லை. நேபாம் டெத் என்னும் தீவிர வன்னிசைக் குழு 1987இல் வெளியிட்ட 1.316 விநாடிப் பாட்டு வேடிக்கைதான். ஆனால் ஒரு பாட்டின் வேடிக்கையைக் கொண்டு குழுவையே இவ்வகையில் சேர்க்கக் கூடாது. விவாதத்துக்குரியது கார்கஸ் குழு: பிணக்கூறாய்வு அறையின் சொற்களை முகம் மாறாமல் அடுக்கிப் பாடிய அக்குழுவின் 1988ஆம் ஆண்டு முதல் தொகுப்பில் நகை இருப்பதாகவே நான் கொள்கிறேன், மறுப்போரும் எழுதலாம்.

மறுப்பு இல்லையெனில் அகராதிப் பதிவில் இவ்வாறு சேர்க்கலாம்: ‘வேடிக்கை வன்னிசை – நகைக்கிடமான ஒரே கருத்தையோ கோலத்தையோ அடிப்படையாகக் கொண்டு, இசையின் மூர்க்கத்தைக் குறைக்காமல் நிகழ்த்தப்படும் தீவிர வன்னிசை வகை.’ இவ்விசையில் அடித்தொண்டையால் பாடும் முறையாகிய ‘க்ரவுல்’ என்பதற்கு ‘உறுமல்’ போதுமா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.