நீலப் புகையும் குறையும் ஆயிலும்: எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டுமா?

கோத்தகிரிவாசி: வணக்கம். என் பழைய கார் ஆயில் குடிக்கிறது, நீலப் புகையும் தள்ளுகிறது. எஞ்சினைப் பிரித்து ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள, ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம்) மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். நாளைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும், உதவுங்கள்.

நான்குசக்கரம்: பெட்ரோலா, டீசலா? எவ்வளவு ஓடியிருக்கிறது? ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊற்றுகிறீர்கள்? புகை எப்போது வருகிறது என்பதையும் எழுதுங்கள்.

பட்டறை மூத்தவர்: இந்த விவரங்களைக்கூடத் தராமல் கேட்பவருக்கு விளக்கிப் பயனில்லை. நீலப் புகை என்றால் ரிங்தான். தொழில் தெரிந்தவர் சொல்வதைக் கேளுங்கள்.

வைகைக்கரை: அதற்கு முன் 20டபிள்யூ-50 ஊற்றிப் பாருங்கள். கெட்டியான ஆயில் அவ்வளவு எளிதில் எரியாது.

நான்குசக்கரம்: அது குறையை மறைக்குமே தவிரத் தீர்க்காது. மேலும், மலையூரின் குளிர்ந்த காலையில் கெட்டி ஆயில் வால்வுப் பகுதிக்கு ஏறிச் சேரத் தாமதமாகும். வண்டிக் கையேட்டில் உள்ள தரமே போதும்.

வைகைக்கரை: எங்கள் வெயிலில் பல வண்டிகள் அந்த ஆயிலில்தான் நன்றாக ஓடுகின்றன.

கோத்தகிரிவாசி: பெட்ரோல் வண்டி, நான்கு சிலிண்டர், 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. ஆயிரத்துக்கு ஏறக்குறைய அரை லிட்டர் குறைகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் புகை வந்து நின்றுவிடும். மலையிறங்கி மேட்டுப்பாளையத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் மீண்டும் ஒரு முறை வரும். ஏற்றத்தில் வருவதில்லை.

நான்குசக்கரம்: இதை முதலிலேயே எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டுக் கியரில் இறங்கும்போது திராட்டில் (காற்று நுழையும் வழியிலுள்ள தகடு) மூடியிருப்பதால் இன்டேக் பக்கம் வெற்றிடம் அதிகரித்து, தேய்ந்த வால்வு சீல்கள் (வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் மூடிகள்) வழியாக ஆயிலை உள்ளே இழுக்கும். பிறகு மிதித்ததும் அது எரிந்து புகையாகும். இரவில் நிற்கும்போதும் அதே வழியில் கசிந்து இறங்கும். ரிங் தேய்ந்திருந்தால் ஏற்றத்தில்தான் அதிகம் புகைந்திருக்கும். பிசிவி வால்வு (எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பிவிடுவது) அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அது மலிவான பொருள். அடுத்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது சிலிண்டரில் குறைந்தால், பிளக் துளை வழியாகச் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அப்போது அளவு ஏறினால் ரிங் என்று கொள்ளலாம்.

பட்டறை மூத்தவர்: கம்ப்ரஷன் சரியாக இருந்தாலும் ஆயில் ரிங் (சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலை வழிக்கும் வளையம்) கரி பிடித்து இறுகியிருக்கலாம்.

நான்குசக்கரம்: உண்மைதான், ஐயா. ஆனால் காலைப் புகை சீலைத்தான் காட்டுகிறது. பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வை விழாமல் தாங்கிக்கொண்டால், எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமலே சீல் மாற்ற முடியும். அது பலனளிக்காவிட்டால் எஞ்சினைப் பிரிக்கலாம்.

கோத்தகிரிவாசி: கம்ப்ரஷன் நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு. பிசிவி வால்வு அடைத்திருந்தது. அதையும் சீல்களையும் மாற்றியபின் காலைப் புகை இல்லை. ஆயில் இன்னும் குறைகிறதா என்று பார்த்து எழுதுகிறேன். நன்றி.