ஜேஆர் பாஸ்: டொட்டோரி ரயிலில் ஏன் கூடுதல் கட்டணம்?

கேள்வி: கையில் ஜப்பான் முழுவதற்குமான ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ். ஒசாகாவிலிருந்து டொட்டோரிக்கு சூப்பர் ஹகுடோ விரைவு ரயிலில் போகத் திட்டம். ரயில் ஜேஆர் நிலையத்திலிருந்துதானே கிளம்புகிறது, பிறகு எதற்குத் தனியாகப் பணம்?

பதில் 1: ரயிலின் பெயரைப் பார்க்காதீர்கள், தண்டவாளம் யாருடையது என்று பாருங்கள். கமிகோரி முதல் சிசு வரையிலான துண்டு சிசு கியூகோ என்ற தனி நிறுவனத்துடையது. அந்தத் துண்டுக்கு அடிப்படைக் கட்டணம், விரைவு ரயில் கட்டணம் இரண்டும் கட்ட வேண்டும். டிக்கெட் கவுன்டரில் பாஸைக் காட்டி அந்தப் பகுதிக்கு மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கண்டக்டர் ரயிலிலேயே வசூலிப்பார். ஒகயாமாவிலிருந்து வரும் சூப்பர் இனாபாவுக்கும் இதே கதைதான். முழுக்க ஜேஆர் பாதை வேண்டுமென்றால் ஹிமேஜி வழியாகப் போகும் ஹமாகஸே ரயில் உண்டு. நேரம் கூடும், எல்லா ஹமாகஸேயும் டொட்டோரி வரை போகாது.

பதில் 2: இஸு தீபகற்பத்திலும் இதே சிக்கல். ஓடோரிகோ ரயில் ஷிமோடா வரை நேராக ஓடும், பாஸ் இட்டோவோடு முடிந்துவிடும்.

பதில் 3: அயோய்மோரி ரயில்வே என்ற நிறுவனத்தின் பாதை மாறுபட்டது. 2010இல் ஷின்கான்சென் அதிவேக ரயில் பாதை ஷின்-அயோமோரிவரை நீண்டபோது பழைய பாதை அந்த நிறுவனத்துக்குக் கைமாறியது. ஜேஆரின் ஓமினாடோ பாதை மற்ற ஜேஆர் பாதைகளிலிருந்து தனியே துண்டிக்கப்பட்டது. அங்கே போய்ச் சேர வசதியாக அயோமோரி, நொஹேஜி, ஹச்சினோஹே இடையே சாதாரண ரயிலில் பாஸ் செல்லும். ஆனால் இந்த மூன்றில்தான் இறங்கலாம். நடுவில் அசமுஷி ஆன்சென்னில் இறங்கினால் அந்தப் பாதைக் கட்டணம் கட்டியே ஆக வேண்டும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.