கோலியோடு கிடைத்த புட்டிகள்

லீட்ஸிலிருந்து:

போன மார்ச்சில் இங்கே இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி ஊர்ப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. துருப்பிடித்த கதவுத் தாழ்களுக்கு நடுவே மண் அப்பிய சோடாப் புட்டி ஒன்று கிடந்தது. எடுத்து ஆட்டினேன். கடகடவென்று கோலி உருண்டது. ஐந்தாம் வகுப்பில் சோடாக்கடைப் பின்புறம் நின்றதுபோல் ஆகிவிட்டது எனக்கு.

ஹைரம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1872-இல் காப்புரிமை பெற்ற புட்டி அது. நம் ஊர்க் கோலி சோடாவுக்குப் பாட்டன். அவரோடு கூட்டுச் சேர்ந்த ரைலண்ட்ஸ் குடும்பத்தின் கண்ணாடித் தொழிற்சாலை பார்ன்ஸ்லியில்தான் இருந்தது. விரலால் மண்ணைத் தேய்த்தபோது முதுகில் எழுத்துகள் தட்டுப்பட்டன: ‘ரைலண்ட்ஸ் அண்ட் காட், பார்ன்ஸ்லி’. காட் 1887-இல் இறந்தவர். இருவர் பெயரும் சேர்ந்திருப்பதால், 1880களின் முற்பகுதி என்று கணக்குப் போட்டேன். விற்றவர் பன்னிரண்டு பவுண்டு கேட்டார். பேரம் பேச வாய் வரவில்லை.

இத்தனை லட்சம் புட்டி செய்தும் முழுதாகக் கிடைப்பது ஏன் குறைவு என்றால், இங்கேயும் பிள்ளைகள் கோலிக்காக உடைத்துத் தள்ளியிருக்கிறார்கள். நானும் நான்கைந்து உடைத்தவன்தான்.

திருநெல்வேலியிலிருந்து:

அண்ணாச்சி, எங்கள் அப்பா சோடாக்கடை வைத்திருந்தார். மெஷினில் புட்டிகளைப் படுக்க வைத்து, கம்பி வலை மூடியைச் சாத்தி, கைப்பிடியைச் சுற்றுவார். வாயு ஏற ஏறக் கோலி மேலே போய் ரப்பர் வளையத்தில் ஒட்டிக்கொள்ளும். பழைய புட்டியில் கீறல் இருந்தால் வலைக்குள்ளேயே வெடிக்கும். அப்பாவின் முழங்கையில் ஒரு தழும்பு உண்டு. வலையைச் சாத்த மறந்த நாளின் கணக்கு அது.

கடையை மூடியபோது பதினொன்று மிச்சம். அதில் மூன்று அடுத்த ஊர்க் கடைக்காரருடையவை, அவர் பெயர் பொறித்தவை. அவரிடம் எங்களுடையவை எத்தனை இருந்தனவோ! புட்டி கடை மாறிப்போகும் இந்தத் தகராறு இங்கிலாந்திலும் இருந்ததால்தான் வாயை மட்டும் நீலத்திலோ பச்சையிலோ வார்த்து, தூரத்திலேயே இன்னார் புட்டி என்று தெரியும்படி செய்தார்கள். அந்தக் கலர் வாய்ப் புட்டிக்குத்தான் இன்று சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

சென்னையிலிருந்து:

நான் ஏமாந்த கதையையும் போட்டுவிடுகிறேன். உடம்பு முழுவதும் கருநீலம், ‘விக்டோரியா காலத்தது’ என்று ஒரு விற்பனையாளர் படம் அனுப்பினார். பெட்டியைப் பிரித்த நிமிடம் மனது துள்ளியது. மறுநாள் வெயிலில் வைத்துப் பார்த்தேன். அச்சின் தையல் கோடு (அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் கண்ணாடியில் விழும் தடம்) அடியிலிருந்து வாய் விளிம்பு வரை நேராக ஓடியது. பழையவற்றில் வாயைத் தனியாக உருகிய கண்ணாடியில் ஒட்டி, கருவியால் திருகுவார்கள். கோடு கழுத்தோடு நின்றுவிடும். கோலியை உள்ளே விட்ட பிறகுதான் வாயைச் சூடாக்கிக் குறுக்குவார்கள். என் கருநீலம் நேற்றுச் செய்தது. பணம் திரும்பவில்லை. இப்போது அதில் மணி பிளான்ட் வளர்கிறது.

லீட்ஸ் அண்ணா, உங்கள் புட்டியின் கோட்டைப் பார்த்தீர்களா?

லீட்ஸிலிருந்து:

பார்த்தேன், கழுத்தோடு நிற்கிறது. ஆனால் உள்ளே மண். ஊற்றும்போது கோலி ஒதுங்க இரண்டு பள்ளம் உண்டே, அவற்றுக்குப் பின்னால் கெட்டிப்பட்டிருக்கிறது. பிரஷ் நுழையாது.

திருநெல்வேலியிலிருந்து:

அம்மா முட்டை ஓட்டை நொறுக்கி, சோப்புத் தண்ணீரோடு போட்டுக் குலுக்குவாள். மணல் மட்டும் வேண்டாம், கண்ணாடி கீறிவிடும்.

லீட்ஸிலிருந்து:

மூன்று முட்டை, இரண்டு ராத்திரி. மண் போய்விட்டது. கோலி வெள்ளை என்று நினைத்திருந்தேன், வெளிறிய பச்சை.