புதுப்பிப்பு: வாசல் கேமராவின் சாம்பல் படலம் போயாச்சு

போன வாரம் புலம்பியிருந்தேனே, வாசல் கேமராவின் ஆர்டிஎஸ்பி ஸ்ட்ரீமை (கேமரா நெட்வொர்க்கில் அனுப்பும் நேரலைப் படம்) எஃப்எஃப்பிளே என்ற வீடியோ பிளேயரில் திறந்தால் யாராவது நடந்ததும் படத்தின் கீழ்ப்பாதி சாம்பலாக இழுபடுகிறது, எம்பிவி என்ற இன்னொரு பிளேயரில் மட்டும் சுத்தமாக ஓடுகிறது என்று. சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் டிகோடர் மேல் சந்தேகப்பட்டு, கேமராவின் வீடியோ சுருக்க முறையை ஹெச்.265-லிருந்து ஹெச்.264-க்கு மாற்றி ஒரு மாலையே வீண்.

குற்றவாளி வைஃபை. எஃப்எஃப்பிளே படத்தை முதலில் யூடிபியில் (தொலைந்ததைத் திரும்ப அனுப்பாத முறை) கேட்கிறது. எம்பிவி தானாகவே டிசிபியில் (தொலைந்ததைத் திரும்ப அனுப்பும் முறை). வைஃபையில் வழியில் தொலையும் பாக்கெட், அதாவது தரவுத் துண்டு, யூடிபியில் தொலைந்ததுதான். அடுத்த கீஃப்ரேம் (முழுப்படமாக வரும் ஃபிரேம்) வரும்வரை டிகோடர் கையில் இருப்பதை வைத்து ஒட்டுப்போடுகிறது. டெர்மினலில் ‘ஆர்டிபி: மிஸ்டு 23 பாக்கெட்ஸ்’ என்று மஞ்சளாக ஓடியதை நான்தான் படிக்கவே இல்லை!

எஃப்எஃப்பிளே கட்டளையில் கேமரா முகவரிக்கு முன்னால் ஆர்டிஎஸ்பி டிரான்ஸ்போர்ட்டை (-rtsp_transport) டிசிபி என்று கொடுத்தேன், தீர்ந்தது. படம் கொஞ்சம் பிந்தி வருகிறது. படத்தைச் சேர்த்து வைப்பதைக் குறைக்க எஃப்ஃபிளாக்ஸில் நோபஃபர் (-fflags nobuffer) போட்டதும் அந்தத் தாமதம் குறைந்தது, பூச்சியம் ஆகவில்லை. மணியடித்தவர் போவதற்குள் முகம் தெரிகிறது, எனக்கு அது போதும்.

‘கேமரா முகவரியே திறக்கவில்லை’ என்று கேட்டிருந்த தம்பிக்கு: முகவரிக்குள் எழுதும் கடவுச்சொல்லில் @ இருந்தால் அதை %40 என்று எழுதிப் பாருங்க.