கலைச்சொல்: ‘ஓவர்-அண்டர்’ முறையில் கேபிள் சுருட்டுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம்.

வீட்டில் உபரியாகக் கிடக்கும் கேபிள்களைக் கெடாமல் எடுத்துவைப்பது பற்றிய கையேட்டில் பெரும்பாலான சொற்கள் முடிவாகிவிட்டன. கேபிள் ‘வடம்’, கனெக்டர் ‘இணைப்பி’. வெல்க்ரோ பட்டையை அப்படியே விட்டுவிடலாம். ‘ஓவர்-அண்டர்’ மட்டும்தான் பாக்கி.

மேடை ஒலிபெருக்கிக்காரர்கள் கைப்பழக்கத்தில் செய்வது இது. வடத்தை ஒரே திசையில் வளையம் வளையமாகச் சுற்றினால், ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முழு முறுக்கு ஏறுகிறது. 30 செ.மீ. விட்ட வளையத்துக்குச் சுமார் 94 செ.மீ. வடம் போகும். ஆக 10 மீட்டர் நீட்டிப்பு வடத்தில் பத்து முறுக்கு. இழுத்து விரித்ததும் தரையில் பாம்பாக நெளிவது அதனால்தான். ஒரு வளையத்தை நேராகவும் அடுத்ததைப் புரட்டியும் போட்டால், முதலாவதில் ஏறிய முறுக்கை இரண்டாவது இறக்கிவிடும்.

என் முன்மொழிவுகள்: ‘மேல்கீழ்ச் சுருட்டு’ அல்லது ‘எதிர்முறுக்குச் சுருள்’. கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

* * *

> மேல்கீழ்ச் சுருட்டு

வேண்டாம் ஐயா. ‘சுருட்டு’ என்றாலே திண்டுக்கல் ஞாபகம்தான் வரும். தவிர, இந்த வேலையில் மேல் எது, கீழ் எது? கை செய்வதைப் பாருங்கள்.

வடத்தின் ஒரு முனை இடக்கையில். வலக்கையால் ஒரு வளையத்துக்கு வேண்டிய நீளத்தை எடுத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே கொஞ்சம் உருட்டியபடி இடக்கையில் வைக்கிறோம். அது முதல் வளையம். அடுத்ததற்கு வலக்கையைப் புரட்டி, கட்டைவிரல் கீழே பார்க்கும்படி வடத்தைப் பிடித்து, கையை நேராக்கிக்கொண்டே கொண்டுவந்து வைக்கிறோம். மீதி வடம் அந்த வளையத்தின் உட்பக்கமாக வெளியேறும். பிறகு மறுபடி முதல் வகை. இதில் மாறுவது வளையம் விழும் பக்கம்தான், உயரம் இல்லை.

‘மாற்றுச்சுற்று’ என்று வைக்கலாமே? சின்னதாகவும் இருக்கிறது.

* * *

‘மாற்றுச்சுற்று’ மின்னணுக் கையேட்டில் நிற்காது. மின்சுற்று, குறுக்குச்சுற்று என்று பாடப்புத்தகத்தில் படித்தவர் அதை வேறொரு மின்சுற்று என்றே வாசிப்பார்.

‘எதிர்முறுக்கு’ இதைவிட ஆபத்து. கணினி வலையமைப்புக்கான லேன் வடத்துக்குள் நான்கு முறுக்கிணைகள், அதாவது இரண்டிரண்டாக முறுக்கிய கம்பிகள், இருக்கின்றன. குறுக்கீட்டைக் குறைப்பதே அந்த முறுக்குகள்தான். ‘எதிர்முறுக்கு’ என்று தலைப்பிட்டால், உள்ளே இருக்கும் முறுக்கைப் பிரிக்கச் சொல்கிறோம் என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். நாம் பேசுவது வடம் முழுவதும் வெளியிலிருந்து வாங்கும் முறுக்கைப் பற்றி.

* * *

முந்தைய மடலோடு உடன்படுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. முறுக்கு ஏறாமல் எடுத்துவைக்க இந்த ஒரு முறைதான் இருக்கிறது என்றில்லை. எட்டு வடிவில் மடித்துப் போட்டாலும், ஒரு பாதியில் ஏறும் முறுக்கை மறுபாதி இறக்கிவிடும். ‘எதிர்முறுக்கு’, ‘முறுக்கேறா’ போன்ற சொற்கள் விளைவைச் சொல்கின்றன. அந்த விளைவு இரண்டு முறைக்கும் பொது. ஒன்றுக்கு மட்டும் அந்தப் பெயரைக் கொடுத்தால் மற்றதை என்னவென்று சொல்வது?

ஆகவே ‘முறுக்கேறாச் சுருள்’ இரண்டுக்கும் பொதுப்பெயராக இருக்கட்டும். அதன் கீழே எட்டு வடிவத்துக்கு ‘எட்டுச்சுருள்’, நாம் தேடுவதற்கு ‘மாறுவளையச் சுருள்’. அதன் இரண்டு உறுப்புகள் ‘நேர்வளையம்’, ‘புரட்டுவளையம்’. பொதுவாகக் கலைச்சொல்லில் விளைவை வைத்துப் பெயரிடுவதை நான் எதிர்ப்பதில்லை. ஆனால் இது கையேடு. படிப்பவர் கையில் வடத்தை வைத்துக்கொண்டு படிக்கிறார். என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லே காட்டினால் நல்லது.

எதற்கு எது என்பதையும் எழுதிவிடுங்கள். 1 மீட்டர் மொபைல் சார்ஜர் வடத்துக்கு மாறுவளையம் வீண்வேலை. இரண்டு மூன்று விரல் அகலத்தில் தளர்வான எட்டுச்சுருள் போதும். 3 மீட்டருக்கு மேற்பட்ட எச்டிஎம்ஐ, லேன், நீட்டிப்பு வடங்களுக்குத்தான் மாறுவளையம். லேன் வடத்தை அதன் தடிமனைப் போல நான்கு மடங்குக்குக் குறைந்த ஆரத்தில் வளைக்கக்கூடாது. 6 மி.மீ. வடம் என்றால் 24 மி.மீ. முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இறுக்கிச் சுற்றும் பழக்கத்தைக் கையேடு வெளிப்படையாகவே தடுக்க வேண்டும். முறுக்கும் ஏறுகிறது, இரண்டு முனையிலும் கூர்மையாக மடிகிறது. சார்ஜரை வடத்தோடு சேர்த்துச் சுற்றினால் இணைப்பியின் கழுத்தில்தான் முதலில் கம்பி அறும்.

* * *

> புரட்டுவளையம்

புரட்டு என்றால் பித்தலாட்டமும்தானே! ‘திருப்புவளையம்’ என்று போடலாம். மற்றபடி ‘மாறுவளையச் சுருள்’ எனக்குச் சம்மதம். வினையாக எழுதும்போது ‘மாறுவளையமாகச் சுருட்டவும்’ என்று இயல்பாகவே வருகிறது.

ஒரு எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். இந்தச் சுருளில் வடத்தின் முனை வளையங்களுக்கு நடுவே நுழைந்து வெளிவந்துவிட்டால், இழுக்கும்போது ஒவ்வொரு திருப்புவளையமும் ஒரு முடிச்சாகிவிடும். நேர்வளையம் மட்டும் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. இதனால்தான் பலர் ஒருமுறை செய்துபார்த்துவிட்டு முறையையே குறை சொல்கிறார்கள். தீர்வு எளிது: வெல்க்ரோ பட்டையை வடத்தின் ஒரு முனையில் நிரந்தரமாகக் கோத்துவிட்டு, அந்த முனையையே முதலில் இடக்கையில் பிடிக்க வேண்டும். கடைசியில் அதே பட்டையால் சுருளைக் கட்டினால் அந்த முனை எங்கும் நுழையாது.

ரப்பர்பேண்ட் கூடாது. வெயில் காலத்தில் இளகி உறையோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு காய்ந்து நொறுங்கும். நைலான் டேகை இறுக்கினால் உறையில் பள்ளம் விழும்.

* * *

பெட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தெர்மாகோல் பெட்டியில் பிவிசி உறை போட்ட வடங்களை வைக்கக்கூடாது. பிவிசியை வளையச் செய்யும் நெகிழ்விப்பான் மெல்ல வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் தெர்மாகோலுக்குள் போகும். தெர்மாகோல் கரைந்து பிசுபிசுக்கும், வடமும் விறைத்துப்போகும். வடத்துக்கு ஒரு ஜிப் உறை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா, அது போதும். தகரக்கூரைப் பரண் வேண்டாம்.

தரவு போகாத, சார்ஜ் மட்டும் ஏறும் வடத்துக்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? சிலவகை யுஎஸ்பி வடங்களில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது.

* * *

‘மின்னூட்ட வடம்’ என்று போட்டிருக்கிறோம். தரவும் போவது ‘தரவு வடம்’. பெட்டிக்குள் போகும் முன் போனையும் கணினியையும் இணைத்துப் பார்த்து, கோப்புகள் திறந்தால்தான் இரண்டாவது பெயரை ஒட்ட வேண்டும். இரு முனையும் சி-வகை என்றால் வாட் அளவையும் எழுதுங்கள்: வடத்தில் அதன் திறனைக் கருவிக்குச் சொல்லும் அடையாளச் சில்லு இல்லாவிட்டால் 3 ஆம்பியர், அதாவது அதிகபட்சம் 60 வாட். மடிக்கணினிக்கு 100 வாட் வேண்டும் என்றால் சில்லு உள்ள 5 ஆம்பியர் வடம் வேண்டும்.

பதிவு இப்படிப் போகிறது, மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்:

மாறுவளையச் சுருள்: நேர்வளையமும் திருப்புவளையமும் மாறி மாறி வரும்படி வடத்தைச் சுருட்டும் முறை. முறுக்கேறாச் சுருள் வகைகளில் ஒன்று. 3 மீட்டருக்கு மேற்பட்ட வடங்களுக்கு உகந்தது. காண்க: எட்டுச்சுருள்.